எழுநூறு வருசச் சண்டைக்கு ரொக்ஸ்பரோவிலிருந்து ஒரு நீதவான்

போன செப்டம்பர் கடைசிச் சனிக்கிழமை நானும் என் மனைவி திரேசம்மாவும் ரொக்ஸ்பரோவிலிருந்து ஜான்-டலோன் சந்தைக்குப் போய் வந்தோம். இருபது கிலோமீற்றர்கூட இராது. மொன்றியல் தீவை விட்டு வெளியே கால் வைக்கவில்லை. ஆனாலும் அன்று பகல் முழுவதும் நாங்கள் நின்றது இத்தாலியில், அதுவும் எழுநூறு வருசத்துக்கு முந்திய இத்தாலியில். ரொறொன்ரோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் வருகிற சொந்தங்கள் "மொன்றியலில் எங்கை போகலாம்?" என்று கேட்டபடி இருப்பதால் இதைச் சொல்லி வைக்கிறேன்.

எனக்கு எழுத வாசிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்லத் திரேசம்மா தட்டுகிறாள். எழுத்துப் பிழை இருந்தால் அவளுடையது, பொய் இருந்தால் என்னுடையது. (இரண்டும் உங்கடைதான் என்று சொல்லிக்கொண்டே தட்டுகிறாள்.)

போகவேண்டி வந்த காரணம் ஒரு தொலைபேசி அழைப்பு. நான் அந்தச் சந்தையில் இருபத்து மூன்று வருசம் வேலை செய்தவன். முதல் பத்தொன்பது வருசம் ஜீனோவின் மரக்கறிக் கடையில். அவர் கடையை விட்டபின் நாலு வருசம் பக்கத்துக் கடை உம்பெர்த்தோவிடம். இரண்டு பேரும் இத்தாலியர், இரண்டு பேருக்கும் எண்பது தாண்டிவிட்டது. ஜீனோவின் ஊர் மொடெனா, உம்பெர்த்தோவின் ஊர் பொலோனியா. இரண்டு ஊருக்கும் இடையில் நாற்பது கிலோமீற்றர்தான். எங்களுக்கு மன்னாரிலிருந்து மடு போகிற தூரம் மாதிரி. அந்த நாற்பது கிலோமீற்றருக்குள் எவ்வளவு பகை கிடந்தது என்பதை நான் தக்காளிப் பெட்டி அடுக்கிய நேரத்தில்தான் அறிந்துகொண்டேன்.

வியாழக்கிழமை ஜீனோ எடுத்தார். என் பெயர் மரியாம்பிள்ளை. முப்பது வருசமாக அவருக்கு நான் மாரியோ. சந்தையில் நாங்கள் கதைப்பது பிரெஞ்சும் இத்தாலியனும் ஆங்கிலமும் குழைத்த ஒரு பேச்சு. அதை இங்கே எங்கடை தமிழில் தருகிறேன்.

"மாரியோ, அவன் கராஜைப் பூட்டிப்போட்டான்."

"ஆர்?"

"ஆர், பொலோனியாதான்! பிழிபொறி உள்ளுக்கை. என்ரை திராட்சை எட்டு நாளாப் புளிச்சுக்கொண்டு கிடக்குது. ஞாயிற்றுக்கிழமைக்குள்ளை பிழியாட்டில் அவ்வளவும் வினாகிரிதான்."

விசயம் இதுதான். அந்தப் பக்கத்து இத்தாலியர் செப்டம்பரில் பெட்டி பெட்டியாகத் திராட்சை வாங்கி வீட்டிலேயே வைன் செய்வார்கள். நசித்துப் பீப்பாயில் விட்டு, பொங்கி அடங்கியதும் பிழிபொறியில் போட்டுச் சாற்றை எடுக்கவேண்டும். ஜீனோவும் உம்பெர்த்தோவும் நான் கனடா வருவதற்கு முன்பே ஆளுக்குப் பாதிக் காசு போட்டு ஒரு பிழிபொறி வாங்கியிருந்தார்கள். அது அன்று தொட்டு உம்பெர்த்தோவின் கராஜில் நின்றது. இப்போது ஜீனோ தனி ஆள். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். அடுத்த புதன்கிழமை ஆற்றுக்கு அப்பால் லவாலில் இருக்கிற மகள் வீட்டுக்குக் குடிபோக இருந்தார். போகும்போது பொறியையும் கொண்டுபோவேன் என்றார். மற்றவர் பூட்டைப் போட்டுவிட்டார்.

"ரெண்டு பேருமாய்ப் பேசி ஒரு முடிவுக்கு வந்தனாங்கள்" என்றார் ஜீனோ. "நீதான் பொதெஸ்தா."

பொதெஸ்தா என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். உங்களுக்குச் சொல்லவேண்டும். அந்தக் காலத்தில் இத்தாலி ஒரே நாடு கிடையாது. ஒவ்வொரு ஊரும் தனி அரசு, தனிப் படை, தனி மதில். ஊருக்குள்ளேயும் குடும்பத்துக்குக் குடும்பம் வெட்டுக்குத்து. ஒருவன் ஆட்சிக்கு வந்தால் மற்றவன் வீட்டைக் கொளுத்துவான். இப்படியே போய்க் களைத்த சனங்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். வேறு ஊரிலிருந்து, இங்கே யாரோடும் சொந்தபந்தம் இல்லாத ஒருவனைச் சம்பளத்துக்குக் கூட்டிவந்து, ஆறு மாதமோ ஒரு வருசமோ ஊரை ஆளவும் தீர்ப்புச் சொல்லவும் வைப்பது. அவன்தான் பொதெஸ்தா. அவனுக்குக் கடுமையான கட்டுப்பாடு. ஊரில் யார் வீட்டிலும் சாப்பிடக்கூடாது, பரிசு வாங்கக்கூடாது. தவணை முடிந்தவுடன் ஓடவும் முடியாது. சில நாள் தங்கியிருந்து, அவன் மேல் யாருக்கும் குறை இருந்தால் கேட்டுப் பதில் சொல்லிவிட்டுத்தான் போகவேண்டும்.

"சனிக்கிழமை வா. கோட் போட்டுக்கொண்டு வா. ஒருத்தன்ரை வீட்டிலையும் பச்சைத்தண்ணிகூடக் குடிக்காதை" என்று சொல்லி வைத்துவிட்டார்.

காலை எட்டு இருபதுக்கு வீட்டை விட்டு வெளிக்கிட்டோம். ரொக்ஸ்பரோவிலிருந்து ரயிலும் உண்டு, எனக்குப் பஸ்தான் பழக்கம். கோட்-வெர்த்து மெட்ரோ வரை அன்று நாற்பது நிமிடம். சனி ஞாயிறுகளில் பஸ் குறைவு, நேரம் பார்த்து இறங்குங்கள். மொன்றியலில் குடியிருக்கும் அறுபத்தைந்து வயது தாண்டியவர்களுக்கு, படம் போட்ட அட்டை இருந்தால், தீவுக்குள் பஸ்ஸும் மெட்ரோவும் இலவசம். திரேசம்மாவுக்கு அறுபத்து மூன்று. மூன்று டொலர் எழுபத்தைந்து சதம் கட்டினாள். அதே காசில் மெட்ரோவுக்கும் மாறலாம்.

பஸ் சாரதி ஹெயிட்டி நாட்டு மனிதர், அடிக்கடி காண்கிறவர். என் கோட்டையும் கழுத்துப்பட்டியையும் பார்த்தார்.

"bonjour, கலியாணமோ?"

"இல்லை, வழக்கு."

"ஐயோ. என்ன செய்தனீ?"

"நான்தான் நீதவான்."

அவர் சிரித்த சிரிப்பில் பச்சை விளக்கு வந்து போய்விட்டது. பின்னால் நின்ற கார்க்காரன் ஹோர்ன் அடித்தான்.

கோட்-வெர்த்துவில் செம்மஞ்சள் பாதை. ஸ்னோடனில் இறங்கி நீலப் பாதைக்கு மாறவேண்டும். நீலத்தில் கால் மணித்தியாலம், ஜான்-டலோன் வந்துவிடும். அங்கே லிஃப்ட் இருக்கிறது, முழங்கால் நோ உள்ளவர்கள் பயப்படத் தேவையில்லை. மேலே வந்து ஏழு நிமிடம் நடந்தால் சந்தை. பத்து மணிக்கு முன்பே போய்விடுங்கள். பதினொரு மணிக்குப் பிறகு பிள்ளைவண்டிகளுக்கு நடுவில் ஆளை ஆள் உரசாமல் நடக்க இடமிராது.

செப்டம்பர் கடைசியில் அந்தச் சந்தையைப் பார்க்கவேண்டும். மிளகாய் மாலை மாலையாகத் தொங்கும். தக்காளி பெரிய கூடைகளில், சோளம் குவியலாக, ஓரத்தில் கலிபோர்னியாத் திராட்சைப் பெட்டிகள் ஆள் உயரத்துக்கு. அன்று ஒரு பெட்டி நாற்பத்தைந்து டொலர் சொன்னார்கள், முப்பத்தாறு இறாத்தல் நிறை. ருசி பார்க்கப் பழத்துண்டு வெட்டி வைத்திருப்பார்கள், கூச்சப்படாமல் எடுக்கலாம். திரேசம்மா முலாம்பழம் மட்டும் நாலு கடையில் ருசி பார்த்தாள். (மூன்று கடை என்று தட்டுகிறாள்.)

நான் வேலை செய்த இரண்டு கடையும் இப்போது வேறு ஆட்களின் கையில். அந்த இடத்தில் நின்று திரேசம்மாவுக்குப் பழைய கதை ஒன்று சொன்னேன். பொலோனியாவில் அந்தக் காலத்தில் பணக்காரக் குடும்பம் ஒவ்வொன்றும் தன் வீட்டோடு ஒரு கோபுரம் கட்டியதாம். ஒருவன் கட்டினால் மற்றவன் அதைவிட ஒரு முழம் உயர்த்துவான். நூறு கோபுரம்வரை நின்றதாம் அந்த ஊரில். இப்போதும் பேர்போன இரண்டு நிற்கிறது, அதில் ஒன்று சாய்ந்துபோய். உம்பெர்த்தோ இதை ஒருநாள் பெருமையாகச் சொன்னார். அடுத்தநாள் காலையில் ஜீனோ என்னைக் கூப்பிட்டு, "மாரியோ, பெட்டியை அவன்ரை அடுக்கைவிட ஒண்டு கூட்டி வை" என்றார். நான் வைத்தேன். அங்கேயும் ஒன்று கூடியது. மத்தியானத்துக்குள் இரண்டு பக்கமும் தலைக்கு மேலே போய்விட்டது. கடைசியில் எங்கள் கோபுரம் சரிந்து தக்காளி எல்லாம் உம்பெர்த்தோவின் கடைக்குள் உருண்டது. அவர் அவ்வளவையும் பொறுக்கித் தன் கூடையில் போட்டு விற்றார். ஜீனோ கேட்டதற்கு, "போரிலை பிடிச்சது" என்றார்.

அந்த இரண்டு ஊரின் பெரிய போரையும் சொல்லாமல் இந்தக் கதை விளங்காது. ஆயிரத்து முந்நூற்று இருபத்தைந்தாம் ஆண்டு. பொலோனியா பாப்பரசரின் பக்கம், மொடெனா சக்கரவர்த்தியின் பக்கம். முதல் தடவை இதைக் கேட்டபோது நான் திகைத்துப்போய் ஜீனோவைப் பார்த்தேன். பாப்பரசருக்கு எதிராக வாள் எடுத்தவர்களோ நீங்கள், பிறகு என்ன முகத்தோடு பூசைக்குப் போகிறீர்கள் என்று கேட்டேன். "பாப்பரசர் பொலோனியாவோடை நிண்டால் நாங்கள் என்ன செய்யிறது?" என்றார். பொலோனியாப் படை பெரிது, மொடெனாப் படை சிறிது. ஆனால் சின்னப்படை வென்றது. தோற்றவர்களைப் பொலோனியாவின் மதில்வாசல்வரை துரத்திப் போனார்கள். உள்ளே புகாமல், வாசலுக்கு முன்னால் நின்று ஓட்டப் பந்தயம் வைத்து நக்கல் அடித்தார்கள். திரும்பி வரும்போது வாசலுக்கு வெளியே இருந்த கிணற்றில் தண்ணீர் அள்ளுகிற மரவாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். அந்த வாளி இன்றைக்கும் மொடெனாவில் இருக்கிறதாம்.

இது ஜீனோவின் கதை. உம்பெர்த்தோவின் கதையில் வாளியைக் களவெடுத்தது முதலில், போர் வந்தது அதனால். "களவுக்காரன் வெண்டதாலை களவு இல்லையெண்டு ஆயிடுமோ?" என்று கேட்பார். இருபத்து மூன்று வருசம் இரண்டு கடையின் நடுவில் நின்று இரண்டையும் கேட்டிருக்கிறேன். யார் சொன்னது சரி என்று நான் ஒருநாளும் வாய் திறந்ததில்லை.

ஒன்று மட்டும் ஒருநாள் ஜீனோவிடம் கேட்டேன். நான் போருக்குள்ளிருந்து வந்தவன், எனக்கு வாளிக் கதையில் சிரிப்பு வரச் சில காலம் எடுத்தது. "அண்டைக்கு எத்தினை பேர் செத்தவை?" ஆயிரக்கணக்கில் என்றார். "ஒருத்தற்றையாவது பேர் தெரியுமோ?" முட்டைக்கோவாவை அடுக்கிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தினார். "வாளிதான் தெரியும்" என்றார். அன்று முழுக்க அந்தக் கதையை மறுபடி எடுக்கவில்லை.

பத்தரை மணிக்கு ஜீனோ வீட்டுக் கதவைத் தட்டினோம். சந்தையிலிருந்து தெற்கே பத்து நிமிட நடை. உள்ளே பாதிச் சாமான் பெட்டிகளில் கட்டியிருந்தது. நிலவறையில் பீப்பாய், கிட்டப் போனாலே மூக்கைத் துளைக்கிற புளித்த மணம். ஜீனோ மூடியைத் திறந்து காட்டினார். தோல் எல்லாம் மேலே கறுப்பாக மிதந்தது. "கேக்குதோ? சத்தம் நிண்டுபோச்சு. பொங்கி முடிஞ்சுது. இனி ஒவ்வொரு மணித்தியாலமும் எனக்கு நட்டம்" என்றார். மூடியைத் திரும்பப் போடாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றார். வைனுக்காக மட்டும் அப்படி நின்றதாக எனக்குப் படவில்லை.

மேலே வந்து குசினியில் இருந்தோம். இங்கேதான் பிழை நடந்தது. எங்கள் சனம் மட்டுமே விடக்கூடிய பிழை. ஜீனோ பழக்கத்தில் அடுப்பில் கோப்பி வைத்தார். பழக்கத்தில் மூன்று சின்னக் கோப்பையில் ஊற்றினார். நான் கையை உயர்த்தி ஏதோ சொல்லப் போனேன். திரேசம்மா மேசைக்குக் கீழே காலால் தட்டினாள்.

"வயசுபோன மனுசன் வார்த்துத் தாறதை வேண்டாமெண்டு சொல்லுறதோ? குடியுங்கோப்பா."

குடித்தேன். இரண்டு கரண்டி சீனியோடு. கோப்பையைக் கழுவும்போதுதான் ஜீனோ நெற்றியில் அடித்துக்கொண்டார். "பொதெஸ்தா!"

"ஒண்டும் சொல்லாதை" என்றார் என்னிடம். திரேசம்மாவிடம் சொல்ல மறந்துவிட்டார்.

உம்பெர்த்தோவின் கராஜ் இரண்டு தெரு தள்ளி, பின் ஒழுங்கையில். எங்களைக் கண்டதும் பூட்டைத் திறந்தார். உள்ளே நடுவில் பிழிபொறி, மூலையில் உம்பெர்த்தோவின் திராட்சைப் பீப்பாய். அறியாதவர்களுக்குச் சொல்கிறேன்: கீழே இரும்பு அடி, அதன் நடுவே நிமிர்ந்து நிற்கிற புரிவைத்த தண்டு, சுற்றிவர மரச்சட்டம் அடித்த கூடை, மேலே தண்டில் திருகி இறங்குகிற கனத்த இரும்புத் தலை. கைத்தடியைத் தலையில் கொழுவி அசைத்தால் அது இறங்கி இறங்கித் திராட்சையை நெரிக்கும். ஜீனோ உள்ளே வரவில்லை. ஒழுங்கையில், வாசற்கோட்டுக்கு வெளியே நின்றார். உம்பெர்த்தோ கோட்டுக்கு உள்ளே நின்றார். நடுவில், கோட்டின் மேலே, நான்.

"மாரியோ, ஒரு கோப்பி?" என்றார் உம்பெர்த்தோ. கண்ணைச் சுருக்கிக்கொண்டு. சோதனை என்று எனக்கு விளங்கிவிட்டது.

"தீர்ப்பு முடியுமட்டும் ஒண்டும் வேண்டாம்."

அவர் முகம் மலர்ந்தது. "பார்த்தியோ ஜீனோ, இவன் ஆள்!"

அந்த நேரம் பார்த்துத் திரேசம்மா, உபசாரத்தை மறுக்கிறது மரியாதை இல்லையென்று நினைத்து, தன் பிரெஞ்சில் விளக்கம் சொன்னாள். "குறை நினையாதேங்கோ மிஸ்யே, merci. இப்பதான் ஜீனோ வீட்டிலை குடிச்சிட்டு வாறம்."

ஒழுங்கையில் ஒரு பூனை ஓடியது.

"வாங்கிப்போட்டான்!" என்று கத்தினார் உம்பெர்த்தோ. "மொடெனாக்காரன் நீதவானை வாங்கிப்போட்டான்!"

"அது கோப்பி. சாப்பாடு இல்லை" என்று வெளியிலிருந்து ஜீனோ.

"சீனி போட்டனியோ?"

"ரெண்டு கரண்டி."

"ரெண்டு கரண்டியோ! அந்தக் காலத்திலை அதுக்கு ஒரு கோட்டையையே எழுதிக் குடுத்திருப்பாங்கள். வழக்கு முடிஞ்சுது. பொறி இஞ்சையே நிக்கும். போங்கோ."

கதவை இழுக்கக் கை வைத்தார். ஜீனோ திரும்பிவிட்டார், ஒழுங்கையால் நடக்கத் தொடங்கிவிட்டார். பத்து நாள் புளித்த திராட்சையும் நாற்பது வருசச் சிநேகமும் அந்தக் கதவோடு மூடப்போகிறது. புதன்கிழமை லவாலுக்குப் போகிற மனிதர் இனி இந்தத் தெருவுக்கு வர என்ன இருக்கிறது?

திரேசம்மா குழப்பத்தோடு என்னைப் பார்த்தாள். "நான் என்னப்பா பிழையாச் சொல்லிப்போட்டன்?"

"எல்லாம் சரியாத்தான் சொன்னனீ" என்றேன். பிறகு உம்பெர்த்தோவிடம் சொன்னேன். "உங்கடை ஊரிலை நீதவான் ஒரு வீட்டிலையும் சாப்பிடக்கூடாது. எங்கடை பக்கத்திலை ரெண்டு பேரைச் சேர்த்துவைக்கப் போறவன் ரெண்டு வீட்டிலையும் வாய் நனைக்கவேணும். ஒரு வீட்டிலை மட்டும் குடிச்சால்தான் பிழை. இப்ப நான் பாதிப் பிழையிலை நிக்கிறன். மற்றப் பாதி உங்கடை கையிலை."

"அப்ப உன்னை ரெண்டு தரம் வாங்கினதாய் முடியும்!"

"ரெண்டு பக்கமும் ஒரே விலை குடுத்தால் சரிசமன்தானே?" என்றாள் திரேசம்மா.

உம்பெர்த்தோ அவளைப் பார்த்தார். கதவைப் பார்த்தார். "கோப்பிக்குக் கோப்பியோ? பொலோனியா அவ்வளவு வறுமையில்லை" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் போனார். பதினைந்து நிமிடத்தில் மூன்று கிண்ணத்தோடு வந்தார். இறைச்சி அடைத்த சின்னச் சின்ன மாவுருண்டை, தெளிந்த கோழிச் சாற்றில். தொர்த்தெல்லினி என்பார்கள். இதைக் கண்டுபிடித்தது யார் என்பதிலும் இரண்டு ஊருக்கும் சண்டை உண்டு. ஒழுங்கையின் மூலையில் போகாமல் நின்ற ஜீனோ மணத்துக்குக் கிட்ட வந்துவிட்டார்.

"எங்கடை சாப்பாட்டை வைச்சு லஞ்சம் குடுக்கிறான்" என்றார்.

"உனக்கில்லை" என்றார் உம்பெர்த்தோ.

நான் ஒரு மரப்பெட்டியில் குந்தியிருந்து, போட்டிருந்த கோட்டில் சிந்தாமல் சாப்பிட்டேன். சாப்பிட்டுக்கொண்டே பொறியைப் பார்த்தேன். எத்தனையோ வருசம் கழுவி, எண்ணெய் பூசி வைத்தவன் நான். மூன்றாவது கிண்ணம் யாருக்கு என்று கேட்கவில்லை. திரேசம்மாவுக்கு ஒன்று, எனக்கு ஒன்று. மற்றது பெட்டியில் ஆவி பறந்தபடி இருந்தது. உம்பெர்த்தோ தனக்கு எடுக்கவும் இல்லை. தீர்ப்பு எனக்கு அந்தக் கிண்ணத்தைப் பார்த்தபோதுதான் வந்தது.

எழுந்து நின்று சொன்னேன். "இண்டைக்கு ரெண்டு வீட்டுத் திராட்சையும் இந்தப் பொறியிலை பிழியவேணும். முதலிலை ஜீனோவின்ரை, அதுதான் முந்திப் பொங்கி முடிஞ்சுது. பேந்து பொறியைக் கழற்றுங்கோ. இரும்புத் தலை ஜீனோவோடை லவாலுக்குப் போகும். அடியும் கூடையும் இஞ்சை நிக்கும். தலையில்லாமல் கூடை பிழியாது, கூடையில்லாமல் தலை பிழியாது. வருசா வருசம் செப்டம்பரிலை தலை இஞ்சை வரவேணும். அதைக் கொண்டு வாறதும் ஜீனோவாத்தான் இருக்கவேணும், ஆளிட்டை குடுத்தனுப்பக்கூடாது."

இரண்டு பேரும் மோவாயைத் தடவினார்கள். முதலில் வாய் திறந்தது ஜீனோ.

"அப்ப நான் பொலோனியாவிலை இருந்து ஒரு சாமானைத் தூக்கிக்கொண்டு போறன்."

"அப்ப அவன்ரை வைன் என்ரை தயவிலை" என்றார் உம்பெர்த்தோ.

இரண்டு பேருக்கும் வெற்றி. பொதெஸ்தாவின் கட்டுப்பாட்டின்படி, போகமுன் யாருக்கும் குறை உண்டோ என்று கேட்டேன். உம்பெர்த்தோ கை உயர்த்தினார். "மூண்டாவது கிண்ணம் ஆறிப்போகுது. அதை ஆர் குடிக்கிறதெண்டு தீர்ப்பிலை வரேல்லை." யாருக்கென்று நான் சொல்லமுன்பே ஜீனோ வாசற்கோட்டைத் தாண்டி உள்ளே வந்து கிண்ணத்தை எடுத்துவிட்டார்.

பன்னிரண்டரை மணியிலிருந்து ஐந்தரைவரை பிழிந்தோம். ஜீனோவின் நிலவறையிலிருந்து தள்ளுவண்டியில், பிளாஸ்ரிக் வாளிகளில், ஏழு தரம் கொண்டுவந்தோம். கோட்டையும் கழுத்துப்பட்டியையும் ஆணியில் கொழுவிவிட்டுக் கைத்தடியை நான் பிடித்தேன். கிழவர் இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் நின்று நான் பிழையாகத் திருகுகிறேன் என்று ஒரே குரலில் திட்டினார்கள். அந்த ஒரு விசயத்தில் மொடெனாவும் பொலோனியாவும் ஒற்றுமை. சிவப்புச் சாறு கூடையின் இடுக்கால் ஒழுகி வருகிற நேரம் இரண்டு பேரும் பேச்சை நிறுத்திவிட்டுக் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

ஆறு மணிக்குத் தலையைக் கழற்றிச் சாக்கில் சுற்றினோம். ஜீனோ அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஒழுங்கையால் போனார். கனம் தாங்காமல் இரண்டு தரம் நின்றார், உதவிக்கு வந்தவர்களை விடவில்லை. உம்பெர்த்தோ கராஜ் வாசலில் நின்று அவர் மூலையில் திரும்பி மறையுமட்டும் பார்த்தார். பிறகு, நான் கோட்டை மாட்டும்போது, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"மாரியோ, லவாலுக்கு எந்த மெட்ரோ?"

இனிப் போகப்போகிறவர்களுக்குச் சில விசயம். செப்டம்பர் கடைசி, அக்டோபர் முதற்கிழமை நல்ல காலம். திராட்சை அதற்குப் பிறகு இராது. காலையில் சந்தை, பிறகு தெற்கே நடந்து ஒரு கோப்பிக் கடை. நின்றபடி குடித்தால் இரண்டரை டொலர். கிழவர்கள் வெளியே கதிரை போட்டு இருப்பார்கள். எந்த ஊர் என்று கேளுங்கள். கேட்டுவிட்டு அவசரமாகப் போகவேண்டிய வேலை வைத்துக்கொள்ளாதீர்கள். பக்கத்து ஊர் எப்படி என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். சாப்பாடு தந்தால் வாங்குங்கள், ஒரு வீட்டில் மட்டும் வாங்காதீர்கள். போக்குவரத்துக்குத் திரேசம்மாவின் மூன்று டொலர் எழுபத்தைந்து சதம் இரண்டு தரம். அதோடு அவள் வாங்கிய முலாம்பழம் இரண்டு, ஏழு டொலர். எங்களுக்கு அவ்வளவுதான் செலவு.

லவாலுக்கு அங்கிருந்து போகிறவர்கள் ஜான்-டலோனில் செம்மஞ்சள் பாதையில் மொன்மொறென்சிப் பக்கம் ஏறவேண்டும். கடைசி நிலையம் அதுதான், தவறவிட முடியாது. ஆனால் ஒன்று: முதியவர்களுக்கான இலவச அட்டை ஆற்றோடு முடிந்துவிடும். லவால் வேறு நகரம், அங்கே போகிற கட்டணம் வேறு, தனியாக வாங்கவேண்டும். இதை உம்பெர்த்தோவுக்குச் சொன்னபோது, "எல்லையிலை வரி எடுக்கிறாங்களோ, நல்ல ஊர்" என்றார்.

எங்கள் சனத்திடமும் இதைச் சொல்லவேண்டும் என்று நினைக்கிறேன். இந்த நகரத்தில் எங்களுக்கு எத்தனை ஊர்ச் சங்கம், எத்தனை உடைவு. ஒரு கோயில் திருநாளுக்கு இரண்டு துண்டுப்பிரசுரம் வருகிறது. சேர்ந்து நில்லுங்கள் என்று சொன்னால் யாரும் கேட்கப்போவதில்லை, நானும் சொல்லவில்லை. பிரியத்தான் போகிறீர்கள் என்றால் சாமானையாவது இப்படிப் பிரியுங்கள்.

நேற்று ஜீனோ லவாலிலிருந்து எடுத்தார். வெளியே பனி கொட்டுகிறது, அடுத்த பிழிவுக்கு இன்னும் ஏழெட்டு மாதம் கிடக்கிறது. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் உம்பெர்த்தோ வந்துவிடுகிறாராம். இரும்புத் தலைக்கு ஒழுங்காக எண்ணெய் பூசியிருக்கிறதோ, துரு ஏறிவிட்டதோ என்று தடவிப் பார்க்கிறாராம்.

"வேவு பாக்க வாறான், மாரியோ" என்றார் ஜீனோ. "பாத்து முடிய அஞ்சு நிமிசம் காணும். இவன் சீட்டு விளையாடி, ராச்சாப்பாடும் சாப்பிட்டுத்தான் போறான். அடுத்த கிழமை எண்ணெய் கொஞ்சம் குறைச்சுப் பூசி வைக்கப்போறன். ஒரு குறையும் இல்லையெண்டு கண்டால் வராமல் விட்டிடுவான்."